இரண்டு மணி வரை தில்லைநாயகம்

வரிசையில் அவளுக்கு முன்னால் இருபத்து மூன்று வேலைகள். ஐந்து நிமிடத்துக்கு முன்பு பார்த்தபோதும் இருபத்து மூன்றுதான், அதற்கு முன்பும் அதேதான், ஆனாலும் சங்கரவடிவின் விரல் சும்மா இருக்கவில்லை, அதே கட்டளையை மறுபடி தட்டியது, திரையும் சளைக்காமல் அதே பதிலைச் சொன்னது. நிலை, காத்திருப்பு. காரணம், முன்னுரிமை. வானிலைப் பிரிவுக்காரர்கள் விடியும் முன்பே வந்து பாதிக் கிளஸ்டரை வளைத்துப் போட்டிருந்தார்கள், பந்தியில் சொந்தக்காரர்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கூட்டம் அது, அவர்களிடம் வாய் கொடுத்து யாரும் ஜெயித்ததில்லை. கிளஸ்டர் என்றால் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் குளிரில் இரைந்துகொண்டிருக்கும் நூற்றிருபது இயந்திரங்கள். ஆராய்ச்சி நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து அது ஒன்றுதான். யாரும் நேரே போய் உட்கார்ந்து ஓட்டிவிட முடியாது. பைத்தான் மொழியில் எழுதிய நிரலை, இத்தனை இயந்திரம், இத்தனை மணி நேரம் என்று சொல்லி வரிசையில் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஆறு வருடமாக ஒதுங்கி நின்று பழகியவள்தான் வடிவு. வேலையை வரிசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவாள், துணி துவைப்பாள், ஒரு முறை திருச்செந்தூர் பக்கத்திலிருக்கும் ஊருக்கே போய்த் திரும்பியிருக்கிறாள், வந்து பார்த்தால் அப்போதும் காத்திருப்பு. இன்றைக்கு மட்டும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. மணி பதினொன்று பத்து. இரண்டு மணிக்கு, லேபை விட்டுப் போன தில்லைநாயகத்தின் கோப்புறையை அழித்துவிடுவார்கள். அதற்குள் இந்த வேலை ஓடி ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டுமா, சொல்லாமலே போய்விட்டால் நல்லதா, அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. இன்னும் பத்து நாளில் வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, ஆறு வருடப் பாட்டுக்கு முடிவு. ஆய்வேட்டைப் படித்த வெளித்தேர்வாளர், பயன்படுத்திய பைத்தான் தொகுப்புகளின் பதிப்பு எண்களைப் பின்னிணைப்பில் தரவும் என்று ஒரே ஒரு குறை சொல்லியிருந்தார், அதைக்கூடக் குறையாக இல்லை, தயவாகத்தான். பட்டியல்தானே, பத்து நிமிட வேலை என்று ஒவ்வொரு தொகுப்பும் என்ன பதிப்பு, எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்டாள். முப்பத்தாறு வரி வந்தது. முப்பத்தைந்து வரிகளில் தில்லையின் கோப்புறை. ஒன்றில் மட்டும் அவளுடையது. வேறு யாராவது என்றால் அந்த வரியைத் தாண்டிப் போயிருப்பார்கள், அவளும் தாண்டிப் போனாள், போய் நாலு வரி கீழே நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தாள். பிறர் எழுதி வைத்த ஆயத்தத் தொகுப்புகளைக் கோத்துத்தான் எல்லோரும் நிரல் எழுதுகிறார்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகிற பதிப்புகளாகப் பொறுக்கி ஒரே கூடையில் போட்டு வைத்துக்கொள்வார்கள், லேபுக்கு அந்தக் கூடையைக் கட்டி வைத்தவன் தில்லை, அவன் போன பிறகும் எல்லோரும் அதிலிருந்துதான் எடுத்தார்கள், இந்த வாரம்தான் மற்றவர்கள் வேறு கூடைக்கு மாறினார்கள். ஆனால் பைத்தானுக்கு ஒரு பழக்கம். கூடைக்குள் கை விடும் முன்னால் கேட்கிறவருடைய சட்டைப்பையைத் தடவிப் பார்க்கும். பையில் அதே பெயரில் ஏதாவது கிடந்தால், எவ்வளவு பழையதானாலும், அதை எடுத்துக்கொண்டு கூடையை மறந்துவிடும். வடிவின் பையில் கிடந்தது. தேதியைப் பார்த்தாள், ஆறு வருடத்துக்கு முந்தைய ஆகஸ்ட், அவள் வந்து சேர்ந்த முதல் மாதம், ஏதோ ஒரு பயிற்சிப் பக்கத்தைப் பார்த்து, கூடை என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், தனக்கு மட்டும் என்று நிறுவிக்கொண்டு அன்றைக்கே மறந்துபோன ஒரு தொகுப்பு. தில்லைதான் அப்படி நிறுவச் சொல்லிக்கொடுத்தானோ என்று ஒரு கணம் ஆசையாக யோசித்தாள். ஆசையாகத்தான். அவன் மேல் அதையும் போட்டுவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் இல்லை, ஆகஸ்டில் அவளுக்கு அவன் முகம்கூடத் தெரியாது, அவன் களப்பணிக்குப் போயிருந்தான், கிணறு கிணறாக அளந்துகொண்டு.

முப்பத்தேழு கிணறுகள். கடலோரத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மாதாமாதம் உப்பு எவ்வளவு என்று அளந்த எண்கள். இன்னும் இருபது வருடத்தில் கடலின் உப்பு நிலத்துக்கு அடியில் எத்தனை கிலோமீட்டர் உள்ளே வந்திருக்கும் என்பதுதான் தில்லையின் ஆய்வு, அவனுக்கு வந்த விடை நான்கு புள்ளி ஒன்று. அவர்களுடைய வழிகாட்டி சபேசன் சார் லேபில் ஒரு வழக்கம் உண்டு, கைமாற்று என்று பெயர். யாராவது ஆய்வேட்டைக் கொடுக்கப்போகிறார்கள் என்றால், அதற்கு முன்னால் இன்னொருவர் அதே நிரலை, அதே கூடையை வைத்து, தன்னுடைய லாகினிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டியவர் கூட்டத்தில் எழுந்து விடையைச் சொல்ல வேண்டும். ஒரே விடை வந்தால் எல்லோருக்கும் காண்டீனில் வாழைக்காய் பஜ்ஜி. தில்லைக்கு ஓட்டிப் பார்த்தவள் வடிவு. அவளுக்கு வந்தது இரண்டு புள்ளி ஏழு. மூன்று முறை ஓட்டினாள், மூன்று முறையும் அதுதான், அவன் மூன்று முறை ஓட்டினான், நான்கு புள்ளி ஒன்று. பதினான்கு மாதம் ஆகிறது. நிரல் ஒன்று, கூடை ஒன்று, ஆள் மட்டும் வேறு, அப்படியென்றால் ஆளிடம்தான் ஏதோ கோளாறு என்று எல்லோரும் தில்லையைத்தான் பார்த்தார்கள், ஏன் என்று இன்றைக்கு யோசித்தால் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை, கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தவள் அவள், உட்கார்ந்திருந்தவன் அவன், அவ்வளவுதான். அவன் தண்ணீர் பாட்டிலின் காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். முழுவதும் உரித்துச் சுருட்டி மேஜை ஓரத்தில் வைத்தான். மெல்லிய குரலில் நிரலில் எதுவும் மாற்றவில்லை சார் என்றான். அவள் என்ன செய்தாள். அடுத்த படத்தைத் திரையில் போட்டாள். சந்தோஷமாக இருந்ததா. இருந்தது. அதை இப்போது இந்தக் குளிர் அறையில் உட்கார்ந்து மறைத்து என்ன ஆகப்போகிறது, இருந்தது, கெட்டிக்காரி என்று ஒருவர் சொன்னார், அது பிடித்திருந்தது.

இருபத்தொன்று. இரண்டு குறைந்திருக்கிறது. அந்தப் பழைய தொகுப்பு சரியாக என்ன செய்யும் என்று பத்தரை மணிக்கே படித்துப் பார்த்துவிட்டாள், படிக்காமல் இருந்திருக்கலாம். அளவீடு விடுபட்ட மாதங்களை நிரப்புகிற வேலை அதற்கு. கூடையில் இருக்கும் புதிய பதிப்பு, அக்கம்பக்கத்துக் கிணறுகளைப் பார்த்து ஒரு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். அவள் பையில் கிடந்த பழையது பூஜ்யத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அளக்காத மாதமெல்லாம் உப்பே இல்லாத மாதம். மழையில் போக முடியாத மாதம், பம்புசெட் பூட்டியிருந்த மாதம், அவனுக்குக் காய்ச்சல் கண்ட மாதம், எல்லாம் இனிப்புத் தண்ணீர். அப்படிப் பார்த்தால் இரண்டு புள்ளி ஏழு ஏன் வந்தது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும், அதனால்தான் தில்லையின் நிரலை ஒரு எழுத்து மாற்றாமல் எடுத்து, சொந்தப் பையைத் தொடாதே என்று பைத்தானுக்கு ஒரு வரி சொல்லி, பத்து ஐம்பதுக்கு வரிசையில் விட்டிருக்கிறாள். நான்கு புள்ளி ஒன்று வந்தால் அவன் சரி. அவன் சரியென்றால் அவள் ஆய்வேடு முழுவதும் தப்பு, ஏனென்றால் அவன் போன பிறகு அவள் கட்டியதெல்லாம் அந்த இரண்டு புள்ளி ஏழின் மேல்தான், திருத்தப்பட்ட உப்புக்கோடு என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறாள், இருநூற்று நாற்பது பக்கம். வேறு எண் வந்தால். வேறு எண் வந்தால் எழுந்து போய்ச் சாப்பிடலாம்.

லாகை, வேலை ஓடிய பதிவை, திறந்தால் அவன் பெயர். அது புதிதில்லை, பதினான்கு மாதமாக அப்படித்தான், எந்த வேலை எங்கே இடறி விழுந்தாலும் திரையில் வரிசையாக அவன் பெயர்தான் கொட்டும், தில்லையின் கோப்புறையில் இத்தனையாவது வரி, தில்லையின் கோப்புறையில் இன்ன தொகுப்பு. முதலில் கொஞ்ச நாள் பார்க்கும்போதெல்லாம் துணுக்கென்றது, பிறகு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், பழகவில்லை, கண் அந்த எழுத்துகளைத் தாண்டக் கற்றுக்கொண்டிருந்தது. நிரலுக்குள் போனால் இன்னும் மோசம். அவன் குறிப்புகளைத் தமிழில் எழுதி வைக்கிறவன். இந்தச் சுற்று மெதுவாகப் போகும், போய் டீ குடித்துவிட்டு வா. இங்கே ஒரு அசிங்கமான திருத்தம் செய்திருக்கிறேன், மன்னிக்கவும். வடிவு, இதில் கை வைக்காதே, கையைச் சுட்டுக்கொள்வாய். படிக்கும்போது அவன் குரல் காதுக்குள் வரும், மூக்கடைத்த மாதிரி ஒரு குரல், சிரிக்கப்போகிறவன் போல வாக்கியத்தின் கடைசியில் இழுப்பான். செத்துப்போனவனும் இல்லை. விருத்தாசலம் பக்கத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறான், தொலைபேசி எண் அவளிடம் இருக்கிறது, பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அனுப்பினாள், பதில் இல்லை. உயிரோடு இருப்பவன் இப்படி வந்து வந்து நிற்கலாமா. போன மாதம் ஒரு மத்தியானம் தனியாக உட்கார்ந்திருந்தபோது பின்னால் அவன் நாற்காலி கிரீச்சென்றது, திரும்பிப் பார்த்தால் முதலாம் வருடத்துப் பெண் ஒருத்தி, அக்கா பயந்துட்டீங்களா என்கிறாள். கூட்டம் முடிந்த அன்றைக்கு மாடிப்படியில் அவன் எதிரே வந்தான், அவள் சுவரோரம் ஒதுங்கினாள், சாப்பிட்டியா என்று கேட்டான். அதற்கு என்ன அர்த்தம். அதையே பதினான்கு மாதமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். குத்தலா, சும்மாவா, நிஜமாகவே அவள் முகம் பசித்த முகமாக இருந்ததா. சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை. அதன் பிறகு அவன் இரண்டு வாரம் வந்துகொண்டிருந்தான், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய் என்று சார் சொன்னார், அவனுக்கு ஆராய்ச்சிக் காலம் முடிந்துவிட்டிருந்தது, ஆய்வேட்டைக் கொடுக்காமலே போய்விட்டான்.

போன் அதிர்ந்தது, அம்மா. எடுக்காமல் விட்டால் மூன்று முறை அடிப்பாள், எடுத்தாள். “ஏளா வடிவு, வேலையா இருக்கியோ? அப்பாக்குச் சட்டை எடுத்தாச்சு. வெள்ளைல எடுத்தா ரயில்லயே அழுக்காயிரும்னு சந்தனக் கலர்ல எடுத்திருக்கு. பரீட்சை நடக்க எடத்துல எங்கள உள்ள விடுவாவளா?” என்றாள். “விடுவாங்கம்மா. பின்னால உக்காந்துக்கலாம்.” “நாங்க ஒண்ணும் பேச மாட்டோம். அப்பாதான் இருமிக்கிட்டே கெடப்பாவ, தண்ணி பாட்டில் கொண்டாறோம். என்ன கேள்வி கேப்பாவளா ஒங்கிட்ட?” “தெரியலம்மா.” “தெரிஞ்சதச் சொல்லு. தெரியாதத தெரியாதுன்னு சொல்லிரு, அதுல என்ன கெடக்கு” என்று அம்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள், அவள் வைவாவே அவ்வளவுதான் என்பது மாதிரி. தெரிந்ததைத் தெரியாதது மாதிரி வைத்துக்கொள்வதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றாது. சந்தனக் கலர். அப்பா புதுச்சட்டையின் கழுத்துப் பட்டியை விரலால் தளர்த்திக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, இத்தனைக்கும் அது இன்னும் பத்து நாள் கழித்து நடக்கப்போவது, நடக்காமலும் போகலாம். அவர் எதிரே நின்று இரண்டு புள்ளி ஏழு என்று சொல்ல முடியுமா. முடியும். அதுதான் பயமாக இருந்தது, முடியும் என்று அவ்வளவு சீக்கிரம் பதில் வந்தது.

பதினாறு. பன்னிரண்டரை. சபேசன் சார் தன் அறையிலிருந்து வெளியே வந்தார், அவர் அறை நேர் எதிரே, நடைபாதைக்கு அந்தப் பக்கம். நாலு எட்டு நடந்தவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, “ஸ்லைடு முடிஞ்சுதாம்மா?” என்றார். முடியப்போகுது சார் என்றாள். “புதுசா எதையும் ஓட்டிக்கிட்டு இருக்காதே. வைவாவுக்கு முன்னால எதையாவது ஓட்டி, எதையாவது பார்த்துப் பயந்துக்கிட்டு, எத்தனை பேர் என்கிட்ட வந்து அழுதிருக்காங்க தெரியுமா. இருக்கறது போதும்.” அவருக்கு எப்போதும் அவள் மேல் ஒரு கரிசனம், தில்லை போன பிறகு கூடவே ஆகிவிட்டது, வெளியூர்க் கருத்தரங்கு என்றால் அவளைத்தான் அனுப்புவார், கூட்டம் முடிந்த கையோடு இரண்டு புள்ளி ஏழை வைத்து அனுப்பிய கட்டுரையிலும் அவள் பெயரைத்தான் முதலில் போட்டார். சரி சார் என்றாள். திரையை மறைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தாள். தோளைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தாள், தெரியாமலே. அவர் போனதும் கிளஸ்டர் அறைக்கு உள்தொலைபேசியில் அடித்து ஜெயசீலனைக் கேட்டாள், அவர்தான் அந்த நூற்றிருபது இயந்திரங்களுக்கும் காவல், தப்பான இடத்தில் நிரல் ஓட்டியவர்களுக்கு நிறுவனம் பூராவும் தெரிகிற மாதிரி மெயில் போட்டு மானத்தை வாங்குகிறவர். போன வாரம் பதினோரு பெயர் போட்டு, நிறுவனத்தை விட்டுப்போய் ஒரு வருடம் தாண்டியவர்கள், கோப்புறைகள் வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அழிக்கப்படும், பிறகு எதுவும் கேட்கக்கூடாது என்று எழுதியிருந்தார். “தில்லைநாயகமா? இருக்கு, லிஸ்ட்ல ஏழாவது. ஏம்மா, உங்க ஃபைலெல்லாம் எடுத்துக்கிட்டீங்கள்ல?” எடுத்தாச்சு சார், ஒருவேளை நிறுத்தி வைக்கணும்னா என்று இழுத்தாள். “நிறுத்தலாமே. ஃபாரம் இருக்கு, யார் வேணா போடலாம். காரணம் எழுதணும், சும்மா வேணும்னு எழுதினா தூக்கிப் போட்டுடுவேன். காப்பி உங்க சாருக்கும் போகும், கமிட்டில எல்லாருக்கும் போகும். ரெண்டுக்குள்ள போடுங்க, ரெண்டு அஞ்சுக்கு வந்து அழுதா நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்று வைத்துவிட்டார்.

நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் மூலக் கோப்புகள் மலையாக இருக்கின்றன, அவளுக்கு ஒதுக்கிய இடத்தில் பத்தில் ஒரு பங்கு கொள்ளாது. கூடையையும் பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் ஓடாது, உள்ளே எல்லா இடத்திலும் அவன் கோப்புறையின் முகவரியே எழுதியிருக்கும், புதிதாகக் கட்டலாம் என்றால் அதில் இரண்டு தொகுப்புகளை அவற்றைச் செய்தவர்களே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆகவே இரண்டு மணிக்குப் பிறகு யார் நினைத்தாலும் அந்த எண்ணை மறுபடி வரவழைக்க முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது, தப்பு என்றும் சொல்ல முடியாது. அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அழிக்க வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை, ஒரு விரலை அசைக்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஜெயசீலன் பார்த்துக்கொள்வார். வரிசை இப்படியே நகராமல் இருந்தாலும் சரி. வானிலைக்காரர்கள் வாழ்க. இப்படி நினைத்தபோது அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது, உடனே பயமும் வந்தது, யாரோ அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டார்கள் என்று. கழுத்துக்குப் பின்னால் குளிர்ந்தது, ஏசிதான். அவன் நாற்காலியில் யாரும் இல்லை, எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். சந்தனக் கலர், இரண்டு புள்ளி ஏழு, சாப்பிட்டியா, ஏழாவது பெயர். ஒருவேளை நான்கு புள்ளி ஒன்று வராது, ஒருவேளை மூன்று வரும், மூன்று வந்தால் இரண்டு பேரும் தப்பு, அது எவ்வளவு நிம்மதி. அளக்காத மாதத்துக்கு அவளும் அப்படித்தானே பூஜ்யம் போட்டாள், அவனிடம் போய் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்காததால் ஒன்றுமில்லை என்று வைத்துக்கொண்டாள். நாலு. நாலா? பதினாறு எங்கே போயிற்று. வானிலைக்காரர்களின் வேலை ஒன்று எங்கேயோ இடறி மொத்தமாக விழுந்திருக்க வேண்டும், நாற்பது இயந்திரங்கள் ஒரே மூச்சில் காலியாகி, வரிசை மளமளவென்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. மூன்று. ஒன்று. ஒன்று நாலுக்கு நிலை மாறியது. ஓடுகிறது.

பதினெட்டு நிமிடம் ஓடும், அவளுக்கு மனப்பாடம். இந்தச் சுற்று மெதுவாகப் போகும், போய் டீ குடித்துவிட்டு வா. போகவில்லை. ஒரு கட்டளையில் நிறுத்திவிடலாம், நிறுத்துவதற்கான கட்டளையைத் தட்டிக்கூட வைத்திருந்தாள், கடைசி விசையை மட்டும் அழுத்தவில்லை, அழுத்தாமல் இருப்பதற்காகக் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இருபத்தொன்பது வயதில், டாக்டர் ஆகப்போகிறவள். முதலாம் கிணறு. இரண்டாம் கிணறு. எண்கள் ஏறிக்கொண்டே போயின. பதினேழாம் கிணற்றில் அவனோடு ஒரு முறை போயிருக்கிறாள், அந்தத் தோட்டத்துக்காரர் பனங்கிழங்கு அவித்துக் கொடுத்தார், தில்லை நாரை உரித்து உரித்து அவளிடமே கொடுத்துக்கொண்டிருந்தான், தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்து, கருவியே தேவையில்லை வடிவு, போன வருஷத்தைவிடக் கரிக்குது என்றான். நாக்குக்குத் தெரிந்தவனிடம் எல்லோரும் எண்ணைக் கேட்டார்கள். ஒன்று இருபத்திரண்டுக்குக் கடைசி வரி வந்தது. நான்கு புள்ளி ஒன்று பூஜ்யம் மூன்று. தசமத்துக்குப் பின்னால் மூன்றாம் இலக்கம் வரைக்கும் அவனுடைய எண். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. காது அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான், ஏசியின் சத்தம் தூரத்தில் போய்விட்டது.

அவன் போன் எண்ணை அழுத்தியது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை, போன் காதில் இருந்தது, அந்தப் பக்கம் நிறையப் பையன்கள் சத்தம், டிபன் பாக்ஸ் மூடி உருளும் சத்தம். “சொல்லு வடிவு” என்றான், நேற்றுப் பேசியவன் மாதிரி. மூக்கடைத்த குரல்தான், கடைசியில் இழுப்பு மட்டும் இல்லை.

“நாலு புள்ளி ஒண்ணு வந்திருக்கு தில்லை.”

அவன் எழுந்து எங்கேயோ நடந்து போனான், சத்தம் குறைந்தது. “யார் ஓட்டினது?”

“நான்தான். என் லாகின்லேருந்து. என்னோட பழைய தொகுப்பு ஒண்ணு குறுக்க நின்னிருக்கு. இன்னைக்குத்தான் பார்த்தேன். உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு...”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அதுதான்னு தெரியும். கூட்டம் முடிஞ்ச நாலாம் நாளே கண்டுபிடிச்சேன். உன் லாக்ல பதிப்பு எண் இருந்துச்சே. அந்தப் பழையதை என் பக்கம் போட்டு ஓட்டினேன், ரெண்டு ஏழு வந்துச்சு. ரெண்டு பக்கம் எழுதி சார்கிட்ட கொடுத்தேன்.”

“சார்கிட்டயா?”

“ஆமா. படிச்சாரு. ரெண்டு ஏழுன்னு போட்டு கட்டுரை வெளியே போயிடுச்சு, இப்ப திருப்பி எடுத்தா லேபுக்கே அசிங்கம், நான் வடிவுகிட்ட பேசிட்டுச் சொல்றேன்னாரு. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டேன். பேசிட்டேன், அவ இப்போதைக்கு வேண்டாங்கறா, அவ வாழ்க்கையையும் பார்க்கணும்ல தம்பின்னாரு.” அவன் குரலில் கோபம் இல்லை, பழைய பாடத்தை ஒப்பிக்கிறவன் போலச் சொன்னான். “சரி, உனக்கு வேண்டாம்னா அப்புறம் நான் யார்கிட்ட போய்ச் சண்டை போடறது.”

அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை என்றாள். மறுபடி சொன்னாள், “ஒரு வார்த்தை பேசலை தில்லை.”

“அப்படியா” என்றான். “பதினாலு மாசமா நீ தெரிஞ்சுக்கிட்டேதான் உக்காந்திருக்கேன்னு நினைச்சேன். பொங்கலுக்கு மெசேஜ் போட்டியே, அன்னைக்குத்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.”

நான் அப்படி இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் மனதுக்குள் பதினான்கு மாதமாக ஒரு வடிவு உட்கார்ந்திருக்கிறாள், எல்லாம் தெரிந்தவள், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு அடுத்த படத்தைத் திரையில் போடுகிறவள், பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிறவள், அவளை இவள் பார்த்ததே இல்லை, அது நானில்லை, சத்தியமாக நானில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காலை பத்து ஐம்பதிலிருந்து ஒன்று இருபத்திரண்டு வரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார். ஜெயசீலன் பார்த்துக்கொள்வார் என்று சிரித்தது யார். பதினான்கு மாதமோ இரண்டரை மணி நேரமோ, தெரிந்துகொண்டு சும்மா உட்கார அவளுக்கு வந்தது, பழகின வேலை மாதிரி வந்தது, அவன் அவளைத் தப்பாக ஒன்றும் நினைத்திருக்கவில்லை. “வெச்சிடாதீங்க தில்லை, லைன்லயே இருங்க” என்று மட்டும் சொன்னாள். போனை மேஜையில் மல்லாத்தி வைத்துவிட்டு ஜெயசீலனின் படிவத்தைத் திறந்தாள். மணி ஒன்று முப்பத்தொன்பது. நிறுத்தி வைக்க வேண்டிய கோப்புறை யாருடையது. தில்லைநாயகம். கேட்பவர் பெயர். சங்கரவடிவு. காரணம். அந்தக் கட்டம் நான்கு வரிக்குத்தான் இருந்தது. முதலில் ஒரு தொழில்நுட்பப் பிழை காரணமாக என்று எழுதினாள், அழித்தாள். சில முடிவுகளை மறுபரிசீலனை செய்ய வேண்டியிருப்பதால் என்று எழுதினாள், அதையும் அழித்தாள். இன்னும் நடக்காத வைவாவின் பின்வரிசையில் அப்பா தொண்டையைச் செருமினார். இவருடைய முடிவு சரி, தவறு என்னுடையது, இது என் வழிகாட்டிக்குப் பதினான்கு மாதமாகத் தெரியும், எனக்கு இன்று காலையிலிருந்து தெரியும் என்று எழுதி, இரண்டு ஓட்டங்களின் லாகையும் சேர்த்து, படித்துப் பார்க்காமல் அனுப்பினாள்.

“என்ன செய்யறே?” என்று மேஜையிலிருந்து அவன் கேட்டான். அவள் பதில் சொல்லும் முன்னால் எதிர் அறையில் மெயில் வந்த சத்தம் கேட்டது, சின்னதாக ஒரு மணி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு சபேசன் சாரின் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். காலடிகள் நடைபாதையைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. வடிவு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.